ஓடுகிற மணப்பெண் நின்ற இடம்

1. ஒரு கல்யாணம், இரண்டு பெண்

என் வேலைக்கு ஆபத்து என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கியாக்தான் படகுத்துறையில் யூனிட் வேன் வந்து நின்றதும் நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்குத் தைத்ததைப் போலவே ஒரு ரோஜா நிறக் கல்யாண உடுப்பைப் போட்டுக்கொண்டு இன்னொரு பெண் முன்சீட்டிலிருந்து இறங்கினாள். பெயர் மா நுவே. என்னைவிட அழகு. இத்தனை வருஷம் கழித்து அதை மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

மேக்கப் ஸ்டெல்லா அக்காவிடம் போனேன். லான்மடாவ் பேட்டைக்காரி, மிஷன் பள்ளியில் படித்தவள். பொய் சொன்னால் மூக்கு சிவந்துவிடும்.

"என்னக்கா, ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பொண்ணா?"

"உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க, தனம். இன்னைக்கு ஷாட்டு சயாவுக்குப் பிடிக்கலேன்னா நாளையிலேருந்து அவதான் ஹீரோயின். அழுவாதே, மை கலைஞ்சிரும்."

சயா என்றால் எங்கள் டைரக்டர். பர்மியத்தில் வாத்தியார், டாக்டர், டைரக்டர் எல்லாருமே சயாதான். அவர் பர்மியத்தில் திட்டியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். சூடு கொஞ்சம் குறையும்.

நான் பர்மாவில் தாகேதாப் பக்கம் வளர்ந்த தமிழ்ப் பெண், தனலட்சுமி. சினிமாவில் என் பெயர் மா தண்டா. அதுவரை கதாநாயகிக்குத் தோழியாக வந்து கண்ணை உருட்டி, உதட்டைப் பிதுக்கிச் சிரிப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் என்னைக் கதாநாயகியாகப் போட்டார்கள். பத்து நாளில் எடுத்து முடிக்கிற வீடியோ படம். பணக்கார மரவியாபாரி மகள், சரியான வாயாடி. கல்யாணத்தன்று ஓடிப்போகிறாள். துரத்திக்கொண்டு வருகிற பத்திரிகைக்காரனோடு படம் முழுக்கச் சண்டை போட்டு, கடைசியில் அவனையே கட்டிக்கொள்கிறாள்.

நாலு நாளாக என் ஒவ்வொரு டேக்கும் கட்.

"மூஞ்சியக் கோணாதே! நீ சிரிப்புக் காட்ட வரல, கல்யாணத்துலேருந்து தப்பிக்க வந்திருக்கே!" என்பார் சயா. கோணாமல் எப்படிச் சிரிக்க வைப்பது என்று எனக்கு விளங்கவே இல்லை.

2. நிற்காதே என்றார்கள்

கியாக்தானில் பயா, அதாவது புத்தர் கோயில், ஆற்றுக்கு நடுவே தீவில் இருக்கிறது. படகில்தான் போகவேண்டும். பயா பெரியவர்கள் கரையேறும் படிக்கட்டில் மட்டும் படம் எடுக்க அனுமதித்தார்கள். அதுவும் அடுத்த படகில் ஜனங்கள் வந்து இறங்குகிற வரைக்கும்தான். ஆகவே ஒரு டேக், அதிகம் போனால் இரண்டு.

காட்சி சுலபம். நான் படகிலிருந்து குதித்துப் படியேறி ஓடவேண்டும். கதாநாயகன் கோ ஜா பின்னால் ஓடிவந்து மேல்படியில் என் கையைப் பிடிக்கவேண்டும்.

"நிக்காதே," என்றார் சயா. "என்ன ஆனாலும் சரி, நடுவுல நிக்கவே கூடாது."

இரண்டு தடவை ரிகர்சல் பார்த்தோம். எல்லாரும் செருப்பைப் படகிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினோம். டேக்குக்கு முன்னால் ஸ்டெல்லா அக்கா எனக்கு வெல்வெட் செருப்பு மாட்டினாள். கோ ஜாவுக்கு லேஸ் கட்டிய பூட்ஸ். ரிகர்சலில் இல்லாத செருப்பு இப்போது காலில் இருக்கிறதே என்று யூனிட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆக்‌ஷன் என்றார். குதித்தேன். பட்டுத் தமெய்ன் பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். முதல் படி வந்தது. நின்றுவிட்டேன்.

யோசித்து நிற்கவில்லை. பயா படியில் செருப்போடு ஏறுகிறவர் எங்கள் ஊரில் கிடையாது. இந்துவோ கிறிஸ்தவரோ, எந்த அவசரமோ, கால் தானாக நிற்கும். இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு மறுபடி தலைதெறிக்க ஓடினேன். கட் என்று குரல் வரும், வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே மேல்படிக்குப் போய்ச் சேர்ந்தேன். குரல் வரவில்லை. கையைப் பிடிக்க ஆளும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தால் கோ ஜா கீழ்ப்படியில் உட்கார்ந்து பூட்ஸ் லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். முடிச்சு இறுகிவிட்டது. அவன் வராமல் காட்சி முடியாது. காட்சி முடியாவிட்டால் நான் தொலைந்தேன். வந்த ஆத்திரத்தில் தடதடவென்று கீழே இறங்கி, அவன் காலை இழுத்து மடியில் வைத்து, கொண்டை ஊசியால் முடிச்சைக் குத்தி அவிழ்த்தேன். வாய் தன் பாட்டுக்கு ஓடியது, அதுவும் தமிழில்:

"எதுக்குய்யா என் பின்னாலயே வர்றே? காலைத் தூக்கு! உன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதானே ஓடறேன்? அந்தக் காலு! யாரு இப்படி முடிச்சுப் போட்டது, உங்கம்மாவா? எந்திரி! வந்து பிடி!"

கோ ஜாவுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் சொன்ன காலைச் சொன்னபடி தூக்கினான். அவன் பூட்ஸை என் செருப்புக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு நான் மறுபடி ஓடினேன். அவனும் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

முதலில் சிரித்தது மா நுவே. கேமராவுக்குப் பக்கத்தில் குடைநிழலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவள், ரோஜா உடுப்பெல்லாம் தேநீரைக் கொட்டிக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் வேலையை வாங்கிக்கொள்ள வந்தவள் அவள். அதற்குப் பிறகு யூனிட் மொத்தமும் சிரித்தது.

3. இரண்டாவது டேக்

சயா மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை, அதே மாதிரி," என்றார்.

அதே மாதிரி செய்தேன். இந்தத் தடவை நான் செய்வது வேடிக்கை என்று எனக்குத் தெரியும். செருப்பைக் கழற்றும்போது கண்ணை உருட்டினேன். லேஸை அவிழ்க்கும்போது உதட்டைப் பிதுக்கினேன். படகோட்டி கொட்டாவி விட்டார். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சயா மா நுவேயைக் கூப்பிட்டார். "உடுப்ப மாத்திட்டு வா."

கறைபட்ட உடுப்பை மாற்றச் சொல்லி, அவளை வைத்து எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். என் கொண்டைப் பூவைப் பிடுங்க ஆரம்பித்தேன். ஸ்டெல்லா அக்கா என் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தாள்.

"நாளையிலேருந்து நீ இவளுக்குத் தங்கச்சி," என்று சயா மா நுவேயிடம் சொன்னார். "ஒரு கல்யாணத்துக்கு ஒரு பொண்ணு போதும். முதல் டேக் ஓக்கே."

"சயா, நான் தமிழ்ல திட்டிட்டேன். டப்பிங்ல மாத்திரலாம்," என்றேன்.

"மாத்தினா வாய ஒடச்சிருவேன். மரவியாபாரி மகளுக்குப் பால் குடுத்து வளர்த்தவ தமிழச்சின்னு முதல் சீன்ல ஒரு வரி சேர்த்துக்கறேன்."

அப்போதுதான் அழுதேன். சந்தோஷத்தில் நன்றாகவே அழுதேன். மை கலைந்துதான் போனது.

தாகேதாவில் வீடியோ கொட்டகையில் அந்தக் காட்சி வந்தபோது எங்கள் தெருப் பெண்கள் பெஞ்சில் ஏறி நின்று கைதட்டினார்கள். அதற்குப் பிறகு பதினோரு கல்யாணத்திலிருந்து ஓடியிருக்கிறேன். இப்போது ஓடிப்போகிற பெண்களுக்கு அம்மாவாக நடிக்கிறேன், முட்டிவலி.

இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்கள் சிரிக்க வைப்பது எப்படி என்று என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. காட்சியைக் கொடுத்ததும் நான் இரண்டே கேள்விதான் கேட்டுக்கொள்வேன். இவளுக்கு என்ன அவசரம்? அந்த அவசரத்திலும் இவளால் விட முடியாத மரியாதை எது? இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் முழுமூச்சாக அழுகிற காட்சியைப்போலவே நடித்துவிட்டு வருவேன். சிரிப்பது ஜனங்களின் வேலை, அதில் நான் தலையிடுவதில்லை.