வாளியில் வைத்த கால்

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு வோபர்ன் பூங்காவில் நான் முதலில் கண்டது நண்பன் குமரனின் கான்வஸ் துணிச் சப்பாத்தை. கணுக்கால் மூடும் பனியில், தான் புதிதாக வாங்கிய பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு விளையாடியவன். கனடாவில் அவனுக்கு அது முதல் குளிர்காலம். மற்ற நாங்கள் எல்லோரும் பனிக்கான பூட்ஸ் போட்டிருந்தோம்.

“சப்பாத்து ஊறிப்போச்சடா, விளையாடினது காணும், வா,” என்றேன்.

“கோல் அடிக்கத் தெரியாதவர் சொல்லுறார்! இன்னும் ஒண்டு, மச்சான்.”

இருட்டும்வரை விளையாடினோம். என் அறைக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியபோது வலது கால் விரல்கள் மெழுகுபோல் வெளுத்திருந்தன.

“விரல் இருக்கோ எண்டே தெரியேல்லை,” என்று சிரித்தான்.

குளிருக்குச் சூடுதான் மருந்து என்று நினைத்தோம். கொதித்த தண்ணீரை வாளியில் ஊற்றி, கொஞ்சம் பச்சைத்தண்ணீர் கலந்து, காலை வைக்கச் சொன்னோம்.

“சுடுதோ?”

“இல்லையடா, இன்னும் ஊத்து.”

ஊற்றினோம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விடிந்தபோது கால் முழுவதும் கொப்புளம். குளிர் கெடுத்ததை வெந்நீர் இன்னும் கெடுத்துவிட்டது என்றார் மருத்துவர். சில வாரங்களில் அந்த விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இப்போது விளையாடப் போகுமுன் எல்லோருடைய கால்களையும் பார்க்கிறேன். பூட்ஸ் இல்லாதவரைப் பனியில் இறங்க விடுவதில்லை. யாருக்காவது விரல் மரத்துப்போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறேன்.

குமரனின் பந்து என் அறையில் இருக்கிறது. அவன் அதைக் கேட்கவில்லை.