அண்ணனிடம் கேட்ட கேள்வி

மதினி இறந்த மூன்றாம் மாதம், பெங்களூரிலிருந்து அண்ணன் மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"அத்த, அப்பா கடைக்கே போறதில்லையாம். நான் பேசினா 'நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்லி வச்சிடறாரு. நீங்கதான் இதெல்லாம் படிக்கிறீங்களே. கொஞ்சம் பேசிப் பாருங்களேன்."

'இதெல்லாம்' என்று அவள் சொன்னது ஆலோசனை உளவியலை. பல வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, மயிலாப்பூரில் ஒரு வார இறுதி வகுப்பில் சேர்ந்திருந்தேன். கணக்கில் சந்தேகம் என்று வந்து நின்று அழுத பிள்ளைகளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் நின்ற அனுபவம்தான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது. வகுப்பில் நான்தான் மூத்தவள். பாடம் நடத்திய ஆசிரியைக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு.

அண்ணனுக்குத் தி.நகரில் துணிக்கடை, வீடும் அங்கேதான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்தது சென்னையில்தான் என்றாலும் வீட்டுப் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை. அண்ணன் உரக்கப் பேசுகிறவர். கீழே அவர் சத்தம் கேட்டால் மாடியில் புடவை மடிக்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கெட்ட செய்தி எதையும் அவரால் உட்கார்ந்து கேட்க முடியாது. பயந்தாலும் கத்துவார், துக்கப்பட்டாலும் கத்துவார். அந்த மனிதர் சத்தமே இல்லாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்றால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

போவதற்கு முன் ஆசிரியையிடம் சொன்னேன். சொந்தக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது என்பது எங்களுக்கு முதல் மாதத்திலேயே சொல்லித்தந்த விதி. ஒருவருக்கு நாம் உறவாகவும் ஆலோசகராகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது, இரண்டும் கெடும் என்பார்கள்.

"தங்கச்சியா போங்க. கூட உட்காருங்க, சாப்பிட வைங்க. ஆலோசகரா மட்டும் போகாதீங்க," என்றார்.

சொல்வது சுலபம். உஸ்மான் சாலையில் பேருந்தை விட்டு இறங்கி அந்தக் கூட்டத்தில் நடக்கும்போதே, வகுப்பில் படித்ததெல்லாம் என் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது.

அண்ணன் கூடத்தில் சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு வாரத் தாடி. மதினியின் பெரிதாக்கிய படம், சட்டம் போட்ட கடையில் சுற்றிக்கொடுத்த செய்தித்தாளோடு சுவரோரம் சாய்ந்திருந்தது. யாரும் பிரிக்கவில்லை. சமைக்க வரும் அம்மா வைத்துவிட்டுப் போன சோறு மேசையில் மூடியபடி இருந்தது.

"என்னண்ணே, சாப்பிடலையா?"

"பசிக்கல."

"பசியே எடுக்க மாட்டேங்குது, இல்ல?"

"அதைத்தான சொன்னேன்."

"எதுலயும் பிடிப்பு இல்லாத மாதிரி இருக்கு உங்களுக்கு."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏ பிள்ள, நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லுதே. இதுக்குத்தான் பீஸ் கட்டிப் படிக்கியா? இதைக் கிளி செய்யும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் லேசாகச் சிரித்தார். எதிரே இருப்பவர் சொன்னதை அவருக்கே கண்ணாடி போலக் காட்டு, தன் மனம் அவருக்குத் தெரியும் என்று சொல்லித்தந்திருந்தார்கள். வகுப்பில் மூன்று மூன்று பேராக உட்கார்ந்து பயிற்சி செய்தபோது அது அழகாக நடந்தது. கூடப் பிறந்தவரிடம் நடக்கவில்லை. சின்ன வயதிலிருந்து நான் எப்படிப் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும். அந்தக் குரல் என்னுடையது இல்லை என்று உடனே கண்டுபிடித்துவிட்டார்.

அதன்பிறகு வாரத்தில் இரண்டு தடவை போனேன். எதுவும் கேட்கவில்லை. அடையாறில் என் வீட்டிலிருந்து குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு போவேன். அவர் சாப்பிடும்வரை பக்கத்தில் இருப்பேன். அவர் பேசாவிட்டால் நானும் பேச மாட்டேன். பேசாமல் இருப்பதும் கேட்பதில் ஒரு பகுதி என்று படித்திருந்தேன். படிக்கும்போது அது எவ்வளவு கனமான காரியம் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் கீழே ஹாரன் சத்தமும் கேட்கும். எதையாவது சொல்லிவிட மாட்டோமா என்று என் நாக்கு துடிக்கும்.

அப்படி ஒரு மத்தியானம் அவராகவே ஆரம்பித்தார்.

"அவ எங்கிட்ட சொல்லல பிள்ள."

"எதை?"

"கட்டி இருந்தத. மகளுக்குக் கல்யாணப் பேச்சு ஆரம்பிச்சப்பவே அவளுக்குத் தெரியும். தனியா ஆஸ்பத்திரிக்குப் போயி ஸ்கேன் எடுத்திருக்கா. எங்கூட கடைக்கு வந்து கல்யாணப் பட்டு எடுத்தா, பந்தல்ல நின்னா, எல்லாரையும் சாப்பிடச் சொன்னா. எல்லாம் முடிஞ்சு பிள்ளைய வழியனுப்பின பெறகு எங்கிட்ட வந்து சொல்லுதா. டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மான்னாரு."

இதில் ஒரு வார்த்தையும் எனக்கு முன்பு தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகுதான் மதினி கட்டியைக் கண்டுபிடித்தாள் என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன்.

"ஏன் சொல்லலன்னு கேட்டேன். 'உங்ககிட்ட சொன்னா நீங்க போடுற சத்தத்துல கல்யாணமே நின்னிருக்கும்'னா. சிரிச்சுக்கிட்டே சொல்லுதா!" அண்ணன் குரல் அத்தனை நாளுக்குப் பிறகு உயர்ந்தது. "எல்லாரும் வந்து துக்கம் துக்கம்னு சொல்லுதாங்க. எனக்குத் துக்கம் இல்ல. எனக்கு அவ மேல கோவம். திமிர் பிடிச்சவ. என்னைய மனுசனாவே மதிக்கல. ஏமாத்திட்டுப் போயிட்டா."

அவர் இன்னும் பேச வேண்டும் என்றுதான் நான் அத்தனை நாளும் காத்திருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"அவங்கள அப்படிப் பேசாதீங்க! உங்களுக்குப் பயந்துக்கிட்டு அந்த வலியத் தனியாத் தாங்கியிருக்காங்க. அதைக்கூட உங்களுக்கு எதிராத்தான் எடுத்துக்குவீங்களா?"

அண்ணன் டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

"போதும். நீ போ."

அடுத்த வகுப்பு முடிந்ததும் ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். ஒருவர் எதைச் சொன்னாலும், எப்படி இருந்தாலும், நிபந்தனை வைக்காமல் அவரை ஏற்றுக்கொள்வதுதான் எங்கள் படிப்பின் அஸ்திவாரம். கோபம் என்ற ஒரே சொல்லுக்கு நான் அதை விட்டுவிட்டேன் என்றேன்.

அவர் என்னைக் கண்டிக்கவில்லை. "உங்களுக்கு வந்த கோபம், அது யார் மேல?" என்று மட்டும் கேட்டார்.

"அண்ணன் மேலதான்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க."

வகுப்பிலிருந்து கோயில் குளக்கரைப் பக்கமாக நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தேன். மதினி எனக்கு உறவு மட்டும் இல்லை. எனக்கென்று இருந்த ஒரே தோழி. பனகல் பூங்காவில் இருவரும் மணிக்கணக்காக நடந்திருக்கிறோம். என் வீட்டுச் சண்டை, என் மாதவிடாய் நின்ற அவஸ்தை, என் மகன் சொல்லாமல் வேலையை விட்டது எல்லாம் அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின வாரங்களில் ஒருநாள் நடக்கும்போது மூச்சு வாங்குகிறது என்று பெஞ்சில் உட்கார்ந்தாள். அலைச்சல் என்றாள். நானும் அலைச்சல்தான் என்று நம்பினேன். அவள் என்னிடமும் சொல்லவில்லை. நான் கத்துகிறவள் இல்லையே, என்னிடம் ஏன் சொல்லவில்லை? நிறுத்தத்தில் நின்றபடி அதை நினைத்ததும் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அண்ணனைவிட எனக்குத்தான் மதினி மேல் அதிகக் கோபம் இருந்தது. அவர் அதை வாய்விட்டுச் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. கேட்க வந்தவரின் சொந்தப் புண் நடுவில் புகுந்துகொள்ளும் என்று படித்தபோது, அது வேறு யாருக்கோ நடப்பது என்று நினைத்திருந்தேன்.

பத்து நாள் கழித்துத்தான் அண்ணன் வீட்டுக்குப் போகும் தைரியம் வந்தது. கதவைத் திறந்தார். இன்னும் மெலிந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததும் கையை அசைத்து நிறுத்திவிட்டார்.

"விடு பிள்ள. இனிமே கோவம் எதுக்கு? இருந்து என்ன ஆகப் போவுது. பிள்ளையக் கட்டிக் குடுத்தாச்சு. கடைய யாராவது பார்த்துக்குவாங்க."

சாதாரணமாக, வாடகை வீட்டைக் காலி செய்வது போலச் சொன்னார். இப்படி ஒருவர் பேசும்போது சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்க வேண்டும், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். பயிற்சியில் அந்தக் கேள்வியை முன்பின் தெரியாத பெண்களிடம் கேட்டிருக்கிறேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டியவரிடம் கேட்க வாய் வரவில்லை. தண்ணீர் குடித்தேன். பிறகு கேட்டேன்.

"அண்ணே, செத்துப் போயிடலாம்னு தோணுதா உங்களுக்கு?"

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தோணுது," என்றார். "காலையில எழுந்திருக்கப்பத்தான் ரொம்பத் தோணுது. யாருகிட்டயும் சொல்லிராத. பிள்ளைக்குத் தெரியவே கூடாது. எனக்குச் சத்தியம் பண்ணு."

"அந்தச் சத்தியத்த மட்டும் என்னால பண்ண முடியாதுண்ணே. மதினி யாருக்கும் சொல்லாம வச்சிருந்தாங்க. நாம என்ன ஆனோம்னு பார்த்தீங்கல்ல?"

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மதினியைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அவர் அழுது நான் பார்க்கவில்லை. எனக்கு அவரைத் தொடக்கூடத் தோன்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று அவரைத் தனியாக விடவில்லை. அவர் எதிரிலேயே அவர் மகளுக்கும் என் ஆசிரியைக்கும் போன் செய்தேன். மகள் சாயங்கால ரயிலில் ஏறிவிட்டாள். அவள் வரும்வரை அங்கேயே இருந்தேன். மறுநாள் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்து மருந்து வாங்கினோம். அடையாறில் ஓர் ஆலோசகரிடமும் நேரம் கிடைத்தது.

ஆலோசகரிடம் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனது நான்தான். வாசலில் ஆட்டோ நின்றதும் அண்ணன் இறங்க மறுத்தார்.

"எனக்குப் பைத்தியம்னு எழுதிக் குடுக்கப் போறானா?"

"அப்படியெல்லாம் இல்லண்ணே. பேசத்தான் போறீங்க."

"உங்கிட்டயே பேசுதேன். நீ படிச்சிருக்கேல்ல?"

அத்தனை நாள் அந்த வார்த்தைக்காகத்தான் ஏங்கியிருந்தேன். "எங்கிட்ட பேச முடியாதுண்ணே. மதினியப் பத்தி நீங்க பேசினா எனக்கும் கோவம் வருது, அழுகை வருது. உங்களுக்கு இடமே இருக்காது," என்றேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இன்னா சார், எறங்கறியா இன்னா? பின்னால வண்டி நிக்குது பாரு."

அந்த அதட்டலுக்கு அண்ணன் இறங்கிவிட்டார். நான் சொன்ன எதற்கும் அவர் இறங்கியிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அவர் உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன். உள்ளே பேசுவது எதுவும் கேட்காதபடி ஒரு மின்விசிறியை வேகமாக ஓட விட்டிருந்தார்கள். திரும்பி வரும்போது அண்ணன் கண் சிவந்திருந்தது. "காபி குடிப்போமா?" என்றார், அவ்வளவுதான். உள்ளே சொன்னது அவர்கள் இருவருக்கும் இடையில் இருக்க வேண்டியது, நான் கேட்கக் கூடாது. அந்த இரகசியத்தின் அருமையைப் பற்றி நான் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். காபிக் கடையில் எதிரே உட்கார்ந்து, என்ன சொன்னீர்கள், மதினியைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேட்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாளாக நாளாக அண்ணன் தேறினார். முதலில் காலை வேளைகளில் மட்டும் கடைக்குப் போனார், பிறகு முழுநாளும். மகளோடு தினமும் பேசுகிறார். அம்மா மறைத்ததைப் பற்றி அவளிடம் அவரே சொல்லிவிட்டாராம், இருவரும் சேர்ந்து அழுதார்களாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவள்தான். அண்ணன் என்னிடம் பேசுவது குறைந்துபோயிற்று. போன் செய்தால் "சாப்பிட்டியா?" என்பார், என் வீட்டுக்காரரைக் கேட்டு "மாப்பிள்ளை சௌக்கியமா?" என்பார், வைத்துவிடுவார். வீட்டுக்குப் போனால் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

மதினியின் முதல் வருடத் திதிக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில் அண்ணன் தனியாக நின்றார்.

"எம்மேல கோவமாண்ணே?"

"கோவம் எதுக்கு?" துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நீ கேட்டியே ஒரு கேள்வி. வேற யாருக்கும் அதைக் கேட்கத் தோணல. நீ கேட்கலன்னா என்ன ஆகியிருப்பேன்னு எனக்கே தெரியல. ஆனா உன் முகத்தப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாள்தான் பிள்ள முன்னால வந்து நிக்குது. கொஞ்ச நாளு ஆகட்டும்."

சரி என்றேன். அவர் உயிரோடு, எதிரே, திதிச் சாப்பாடு சாப்பிட்ட கையோடு நின்றார். அதற்கு மேல் கேட்பது பேராசை. ஆனாலும் வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதேன்.

படிப்பு முடிந்துவிட்டது. ஆலோசகராக இன்னும் யாரையும் பார்க்க ஆரம்பிக்கவில்லை. முதலில் நீங்கள் ஒரு ஆலோசகரிடம் போங்கள் என்று ஆசிரியை சொல்லிவிட்டார். மயிலாப்பூரில் ஒரு மாடி அறைக்கு வாராவாரம் போகிறேன். போன வாரம் அங்கிருக்கும் ஆலோசகர், "உங்க மதினியப் பத்திச் சொல்லுங்க," என்றார். எவ்வளவு நல்லவள் என்று நிறையச் சொன்னேன். நேரம் முடியப் போகும்போதுதான், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்குள் அடுத்த நேரத்துக்கானவர் வந்து வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.