சாமி மேடையில் ஒரு கேம் பெட்டி

புது கேம் கன்சோலை எப்போது வாங்குவது என்று ஒரு வருடம் யோசித்தேன். வந்தவுடன் வாங்குகிறவன் முட்டாள், விலை இறங்கட்டும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் புத்தி சொன்னவன் நான். கடைசியில் விலை இறங்கியது, தைப்பூச விரதத்தின் நடுவில்.

மனைவியின் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காகப் பால்குடம் நேர்ந்திருந்தேன். இறைச்சியோடு கேமையும் விட்டிருந்தேன். விளையாடினால்தானே தப்பு, வாங்கி வைப்பதில் என்ன என்று எனக்கு நானே தீர்ப்பு சொல்லிக்கொண்டு, மதிய இடைவேளையில் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்கு ஓடினேன்.

கிள்ளான் வீட்டில் மனைவி பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

"பூசம் முடியட்டும் லா. அப்புறம் பிரிக்கலாம்."

அன்றிலிருந்து கும்பிட நின்றால் என் கண் படத்தில் நிற்கவில்லை.

தைப்பூசத்தன்று பால்குடத்தோடு பத்துமலைப் படி ஏறினேன். முன்னால் போனவர் நின்று நின்று ஏறினார். எனக்கு எரிச்சலாக வந்தது. கால் வலியால் அல்ல, வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரிக்க நேரமாகிறதே என்றுதான். பால் ஊற்றிக் கும்பிட்டபோதும் அதே நினைப்பு.

கீழே காத்திருந்த மனைவி, "எனக்காக நன்றி சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"சொன்னேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, "பாவம், எத்தனை நாளா காத்திருந்தீங்க" என்று பெட்டியைப் பிரித்துக் கொடுத்தது அவள்தான்.