அறுபத்து நான்கு கிராம்

அன்றைக்கு அந்த மலைமேல் இருந்தவர்கள் நான்கு பேர், ஒரு நாய். பனிவண்டி பழுதுபார்க்கிற கடையின் முதலாளி டக். பனிவண்டிக்குச் சொந்தக்காரர் பிரெண்ட். அவருடைய கிழட்டு நாய். என்னை இந்த வேலைக்குக் கூட்டிவந்த தங்கச்சிமடத்துச் சூசை. பிறகு நான். இதில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இப்படி எண்ணிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று நான் சொன்னதற்குச் சூசையை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

கனடாவின் மேற்கு மலைகளில் ஒரு விநோதம் உண்டு. கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏழாயிரம் அடிக்குப் போனதும் வலையில் அகப்பட்ட பேத்தை மீன் மாதிரி உப்பிக்கொள்ளும். முதல் தடவை பார்த்தபோது கெட்டுப்போனது என்று பயந்து குப்பையில் போட்டேன். மேலே காற்று மெலிசு என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு மண்டபத்துக்குப் போய், பதினெட்டு வருஷம் படகு எஞ்சின் பார்த்தவன். எனக்குத் தெரிந்த உயரமெல்லாம் பாம்பன் பாலம்தான்.

பனிச்சரிவில் ஓட்டுகிற இந்தப் பனிவண்டிக்குக் கியர் கிடையாது. நம் ஊரில் பெண்பிள்ளைகள் ஓட்டும் கியரில்லாத ஸ்கூட்டரில் இருக்கிற அதே ஏற்பாடுதான். இரண்டு கப்பிகள், நடுவில் ஒரு பெல்ட். எஞ்சின் பக்கத்துக் கப்பிக்குள் மூன்று சின்ன இரும்புக் கைகள் இருக்கும். எஞ்சின் சுற்றச் சுற்ற அவை வெளியே வீசிக் கப்பியை நெருக்கும், பெல்ட் இறுகும், வண்டி நகரும். அந்தக் கைகள் எத்தனை கிராம் என்பதில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. கனம் கூடினால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். கனம் குறைந்தால் சுமை தெரியாமல் தறிகெட்டுச் சுற்றி எரிந்துபோகும். மேலே போகப் போகக் காற்றில்லாமல் எஞ்சின் சோர்ந்துபோவதால் கனத்தைக் குறைக்க வேண்டும். எந்த உயரத்துக்கு எவ்வளவு என்று கடைச் சுவரில் ஓர் அட்டவணை தொங்கும்.

பிரெண்டின் வண்டியில் டர்போ இருந்தது. மெலிந்த காற்றையும் அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற விசிறி அது. அப்படிப்பட்ட எஞ்சின் மலைமேலும் அவ்வளவாகச் சோராது. சுவரில் உள்ள கணக்கு அதற்குச் செல்லாது. கனம் கூட வேண்டும். அதற்கு முன் வந்த இரண்டு டர்போ வண்டிகளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தேன். நோட்டின் முதல் வரி: மண்டபம், உயரம் பூஜ்யம். அடியிலிருந்து தொடங்கினால்தான் எனக்குக் கணக்குப் பிடிபடும். அதைப் பார்த்துச் சூசை சிரித்தான்.

“மண்டபத்துல எங்கலே பனி? நொங்குக்கு மேல ஓட்டப் போறியா?”

பிரெண்டின் வண்டிக்கு எழுபத்து நான்கு கிராம் கைகளைத் தராசில் மூன்று தடவை நிறுத்துப் பூட்டினேன். வேலைச் சீட்டில் கையெழுத்தும் போட்டேன். அப்படியும் மனசு ஆறவில்லை. என் பெர்மிட்டில் இந்தக் கடையின் பெயர்தான் இருக்கிறது. கடை வேண்டாமென்றால் இந்த நாடும் என்னை வேண்டாமென்று சொன்ன மாதிரி. முதல் ஓட்டத்துக்கு நானும் வருகிறேன் என்று சூசையை டக்கிடம் கேட்கச் சொன்னேன்.

“இது என்ன மண்டபமாலே? இங்கன மெக்கானிக் எல்லாம் கூடப் போக மாட்டான்.”

“கேட்டுத்தான் பாரேன் மச்சான்.”

கேட்டான். டக்குக்கு அது வேடிக்கையாக இருந்தது. பனிவண்டியை டிரக்கில் ஏற்றிக்கொண்டு நாலு பேரும் மலைக்குப் போனோம்.

மண்டபத்தில் அப்படி ஒரு முறை இருந்தது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவன் முதல் ஓட்டத்தில் படகில் இருக்க வேண்டும். நின்றுபோனால் நடுக்கடலில் அவனும்தான் நிற்பான். யார் கை வைத்தது என்று கேட்பதற்கு முன்பே அவன் சொல்லிவிட வேண்டும். சூசையின் அய்யா படகில் ஒருமுறை நான் டீசல் குழாயை இறுக்க மறந்து, காற்றுப் புகுந்து, கரை மறைகிற தூரத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. “என் கைதான் அய்யா” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஒத்துக்கிட்டேல்ல? பெறகென்ன. கையக் கழுவிட்டு வந்து கஞ்சியக் குடி” என்றார். கூடவே படகின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவன் சூசை. நான் ஒத்துக்கொள்கிறவன் என்பது அன்றைக்கே அவனுக்குத் தெரியும்.

பிரெண்ட் சரிவில் ஆக்ஸிலேட்டரை அழுத்திய மாத்திரத்தில் நான் காதைக் கொடுத்தேன். சத்தம் சரியில்லை. கனமான கை போட்ட எஞ்சின் அப்படிக் கத்தாது. பாதிச் சரிவு ஏறுவதற்குள் ஒரு உறுமல், அப்புறம் புகை, அப்புறம் நாய் குரைக்கிற சத்தம் மட்டும். ஓடிப்போய் மூடியைக் கழற்றி விரலால் பனியைத் துடைத்தேன். இரும்புக் கையில் பொறித்திருந்த எண் அறுபத்து நான்கு.

“சூசை, இது நான் போட்டதில்ல. எழுபத்து நாலு போட்டேன். யாரோ மாத்தியிருக்காக.”

அவன் குனிந்து பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

“சும்மா இருலே. நான் பேசிக்கிறேன்.”

பேசினான். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. என் பெயர் கேட்டது. ‘மிஸ்டேக்’ கேட்டது. ‘ஹி இஸ் சாரி’ கேட்டது. டக் பெருமூச்சு விட்டு என் தோளைத் தட்டினார். பிரெண்ட் என்னைப் பார்க்காமல் நாயைப் பார்த்தார். நான் கேட்காத மன்னிப்பை எனக்காக வாங்கிக் கொடுத்துவிட்டு, சூசை கையுறையை மாட்டிக்கொண்டான்.

திரும்பி வரும்போது டிரக்கின் பின்சீட்டில் சூசையைக் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. நான் சாப்பிடப் போனபோது சுவர் அட்டவணையைப் பார்த்திருக்கிறான். எழுபத்து நான்கு தப்பென்று நினைத்து மாற்றியிருக்கிறான்.

“ஒனக்கு ஒத்தாசையாத்தான் மாப்ள மாத்துனேன். நீ பயந்தாங்கொள்ளி, கனத்தைக் கூட்டிப் போட்டுட்டன்னு நெனச்சேன்.”

“அத மொதலாளிகிட்ட சொல்ல வேண்டியதுதான?”

“நான் சீனியரு. என் பேரு கெட்டா ரெண்டு பேரு பொழப்பும் போச்சு. நீ புதுசு, புதுசா வந்தவன் தப்புப் பண்ணா மன்னிப்பாங்க. மன்னிச்சுட்டாருல்ல?”

இன்றுவரை இந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் அதிகமாக அறுக்கிறது. மாற்றினது அறியாமை, அதை நான் மன்னித்துவிடுவேன். என் வாயை எடுத்து அவன் பேசினானே, அதற்கு என்ன செய்ய? மூன்று நாள் மனப்பாடம் செய்து டக்கிடம் போய் “சிக்ஸ்டி ஃபோர், நாட் மீ” என்றேன். அவர் நான் இன்னும் அதை நினைத்துக் கவலைப்படுகிறேன் என்று எடுத்துக்கொண்டார். “நோ வொர்ரீஸ், நோ வொர்ரீஸ்” என்று காபி ஊற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர். வேலையை விட்டு எடுக்கவில்லை. பிஸ்டன், சிலிண்டர் செலவு ஆயிரத்து அறுநூறு டாலரைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வதாக மட்டும் சொன்னார். அதையும் சூசைதான் எனக்குத் தமிழில் சொன்னான்.

போன வாரம் போன் கார்டு போட்டுச் சூசையின் அய்யாவிடம் பேசினேன். பின்னால் காகங்களின் இரைச்சல், யாரோ ஐஸ் உடைக்கிற சத்தம். “எம் மகன் ஒன்ன நல்லாப் பாத்துக்கிடுறானா?” என்றார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் சூசையைக் கேட்கிற கேள்வி இந்த மலைவரைக்கும் வரும். சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அங்கே ஒத்துக்கொண்டால் கஞ்சி. இங்கே என்ன கிடைக்கும் என்று அந்தப் பெரிய மனிதருக்கு எப்படி விளக்குவது?

“பாத்துக்கிடுறான் அய்யா” என்றேன்.

அப்புறம் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழாயிரம் அடிக்கு நேரே எழுபத்து நான்கு, என் கையெழுத்தில், இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. இப்போது கடையில் எல்லா டர்போ வண்டிக்கும் சூசை அதைத்தான் போடுகிறான். முதல் வரியில் மண்டபம், உயரம் பூஜ்யம், கனம் என்ற இடம் காலி. அதே பக்கத்தின் அடியில் எட்டுச் சம்பளமாகப் பிடித்தது போக மிச்சம் எழுதியிருக்கிறேன்: அறுநூற்று நாற்பது டாலர்.