உடைய மறுத்த சாடி

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். புலம்பெயர்ந்து வந்து டோர்செட் பார்க் உணவகமொன்றில் கோப்பை கழுவத் தொடங்கி, இன்று ரூஜில் சொந்த வீடு. அதில் ஓர் அறை முழுக்க மத்திய காலத்து ஜெர்மன் கற்சாடிகள், நாற்பத்துமூன்று. அடியைத் தடவியே எந்த ஊர்ச் சூளை என்று சொல்லிவிடுவேன். போன மாதம் சாடிகளைப் பார்க்க நூதனசாலையில் இருந்து வந்த பிள்ளை வாயைப் பிளந்து, "அங்கிள், எங்க படிச்சனீங்கள்?" என்றாள்.

"சுடலையில," என்றேன். உண்மை அதுதான்.

ஐயா மேசன். யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கம் அத்திவாரம் வெட்டும்போது சாம்பல் நிறச் சாடியொன்று கிடைத்தது. ஒல்லாந்தர் கப்பலில் வந்த ஜெர்மன் சாடி அது, கல்லாய் இறுகும்வரை சுட்ட மண் என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? ஐயா அதில்தான் தண்ணீர் குடிப்பார்.

எனக்குப் பத்து வயதில் அவர் செத்துப்போனார். கொள்ளிக்குடம் வாசலிலேயே விழுந்து உடைந்துவிட்டது. அவசரக்கார மாமா, "உதுவும் மண்தானே," என்று அந்தச் சாடியில் நீர் நிரப்பி என் தோளில் வைத்தார்.

சிதையைச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் மாமா கத்தியால் கொத்தினார், கத்திதான் வழுக்கியது. ஒரு சொட்டு நீர் கசியவில்லை.

"உங்கட அத்தான் உயிரோட இருக்கேக்கையும் உப்பிடித்தான். ஆருக்கும் வளைஞ்சு குடுக்கேல்லை," என்றார் கூட்டத்தில் ஒருவர் மாமாவிடம்.

மூன்றாம் சுற்று முடிய, சாடியைப் பின்பக்கமாகப் போட்டேன். உடையவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தேன். மாமா பெரிய கல்லொன்றைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஓடிப்போய்ச் சாடியின்மேல் விழுந்து கட்டிப்பிடித்தேன்.

"விடடா! குடம் உடைஞ்சால்தான் கொப்பர் போவார்."

"அப்ப உடைக்காதேங்கோ!"

மாமாவின் கை தானாகத் தாழ்ந்தது. ஒரு கையில் சாடியோடுதான் கொள்ளி வைத்தேன்.

வீட்டில் அம்மா சாடியைக் கண்டா.

"உடையேல்லையோ?"

"இல்லை."

"ஆர் கேட்டாலும் உடைஞ்சதெண்டு சொல்லு," என்று சேலைத் தலைப்பால் மூடி உள்ளே கொண்டுபோனா. ஊருக்குப் பயந்துதான் பொய் சொல்லச் சொல்கிறா என்று எனக்குக் கோபம்.

அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் அம்மா அதில் தண்ணீர் நிரப்பி, ஐயா படுக்கும் இடத்தில் தலைமாட்டில் வைப்பா. அம்மாவுக்குத் தாகம் எடுக்குமாக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.