சென்னிமலை வைத்த பரஸ்தானம்

பயணத்துக்குத் திட்டம் போடுவதில் சென்னிமலையை மிஞ்ச, கேரள எல்லைக்குள் இருக்கிற மீனாட்சிபுரத்தில் ஆள் கிடையாது. போவதுதான் கிடையாது. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் பழனிக்கு, குருவாயூருக்கு, கோயமுத்தூர்ப் பொருட்காட்சிக்கு என்று அவர் போட்ட திட்டங்களைப் பொன்னாத்தாள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியிலேயே விட்டுவிட்டாள். மனிதர் உண்மையில் போய்ச் சேர்ந்த அதிகபட்ச தூரம், பாலக்காடு போகிற வழியில் இருக்கிற சித்தூர். அதுவும் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட. ரிஜிஸ்தர் ஆபீசில் யாரும் பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் இல்லை என்பதால் அவர்கள் சொன்ன தேதிக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவர் மூன்று நாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். நாள் சரியில்லை என்று அப்போதே சொன்னேனே என்று, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சந்தோஷமாகச் சொன்னார்.

பஞ்சாங்கம் அவர் தலைமாட்டில் ஆணியில் தொங்கும். ராகு காலம், எமகண்டம், கரிநாள், சூலம் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நடவுக்கு வயலில் இறங்கச் சொன்னால் அன்றைக்கு ஏதாவது ஒரு தோஷம் கட்டாயம் இருக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு நாளும் இருந்ததில்லை.

மாட்டை அவர் தொடுவதில்லை. செவலையை வளர்த்தது பொன்னாத்தாள். மாட்டுப்பட்டி அரசாங்கப் பண்ணைக் காளையின் வித்தில் பிறந்த கிடாரி அது. கன்றாக விழுந்த நாளிலிருந்து அவள் கையில் வளர்ந்தது. காலையில் நாலு மணிக்கு எழுந்து, தீவனம் வைத்து, மடி கழுவி, அவள்தான் கறப்பாள். இரண்டு வேளையும் சேர்த்துப் பன்னிரண்டு லிட்டர். பால் சங்கத்தில் அந்த அளவுக்கு ஊற்றுகிறவர்கள் வேறு யாரும் இல்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சுதந்திரம் வந்து இருபத்தைந்து வருஷம் ஆவதால் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பாலக்காட்டில் கோட்டை மைதானத்தில் வெள்ளி விழா. ஜில்லாவில் நன்றாகப் பால் கறந்த பத்துப் பேரை மேடையில் கூப்பிட்டு, ஆளுக்கொரு, பால் ஊற்றித் தூக்கிப் போகிற பித்தளைத் தூக்குப்போசி, அதுவும் பேர் வெட்டிய தூக்குப்போசி, கொடுப்பார்கள். கடிதத்தோடு இரண்டு பேருக்கான பாஸும் இருந்தது. சங்கத்து மாட்டு இன்ஸ்பெக்டர் சிவராமகிருஷ்ணன் மலையாளத்தில் இருந்ததைப் படித்து, தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அவர் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர்.

"பேரு யாரு பேருங்க வெட்டுவாங்க?" என்று பொன்னாத்தாள் கேட்டாள்.

"உங்க பேர்தான். பின்னே யார் பேர்?" என்றார் அவர்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வீட்டில் பேர் வெட்டாத பாத்திரம் இல்லை. சீராக வந்தவற்றில் அவள் அப்பா பேர். மற்றவற்றில் மாமனார் பேர். பெரிய அண்டாவில் சென்னிமலையின் பேர், நட்சத்திரத்தோடு. எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்குகிறவள் அவள். அவள் பேர் ஒரு கரண்டியில்கூட இல்லை.

சென்னிமலை மறுநாளே திட்டத்தை ஆரம்பித்துவிட்டார். குடை, கட்டுச்சோறு, இரண்டாவது வேட்டி, வயிற்றுக்கு ஓமத் தண்ணீர் என்று பழைய பஞ்சாங்கத்து அட்டையில் எழுதிக்கொண்டே போனார். அடுத்த வாரம் முக்கியமான முடிவு ஒன்றையும் அறிவித்தார்.

"அம்மிணி, நீ கீழயே உக்காந்துக்கோ. பொம்பளை மேடை ஏறுனா நல்லாவா இருக்கும்? நானே ஏறி வாங்கிக்கறேன். ரெண்டு வார்த்தை பேசவும் சொல்லுவாங்க."

"மாடு கறக்கறது நானுங்க" என்றாள் பொன்னாத்தாள்.

"மாடு யாரு ஊட்டு மாடு?"

செவலைக்குக்கூட இவரைத் தெரியாது, கிட்டே போனால் காலைத் தூக்கும் என்று அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. போய்ச் சேர்ந்தால் போதும், மேடைக்கு யார் ஏறுவது என்பதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று விழுங்கிக்கொண்டாள்.

இரண்டு வாரம் வேட்டி துவைப்பதும், கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைக் கனைப்பதுமாகப் போயின. அதற்குப் பிறகுதான் அவர் கிழமையைக் கவனித்தார். பதினைந்தாம் தேதி செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கு வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. பாலக்காடு வடக்கே இருக்கிறது.

"ஏனுங்க, செவ்வாச் சூலத்துக்குப் பால்தானுங்களே பரிகாரம்? ஒரு வாய் பால் குடிச்சுப்போட்டுப் போனாத் தீந்துது" என்றாள் அவள். அவர் வாயிலிருந்தே நூறு தடவை கேட்டது அது.

"பரிகாரமெல்லாம் வெவரம் இல்லாதவனுக்கு. நாம முறையாப் பண்ணோணும். பரஸ்தானம் வெச்சுப்போடலாம்."

பயண நாள் சரியில்லையென்றால், நல்ல நாளிலேயே பயண மூட்டையைக் கொண்டுபோய், போகும் திசையில் வேறொரு வீட்டில் வைத்துவிடுவதற்குப் பெயர் பரஸ்தானம். மூட்டை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பிய மாதிரி. பிறகு கிளம்ப வேண்டிய நாளில் அந்த வீட்டுக்குப் போய், மூட்டையை எடுத்துக்கொண்டு அங்கிருந்தே நடந்துவிட வேண்டும். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, சென்னிமலை மாதிரி ஆட்களை மனதில் வைத்துத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஆறே காலுக்கு, வடக்கு வீதி நஞ்சப்பன் வீட்டில் அவர் பையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். வேட்டி, குடை, ஓமத் தண்ணீர் எல்லாம் அதில் போயின. ஒப்புக்கு எதையாவது வைத்தால் பலிக்காது, முக்கியமான பொருள்தான் போக வேண்டும் என்று பாஸையும் அதற்குள்ளேயே வைத்திருந்தார். அதைப் பொன்னாத்தாளிடம் சொல்லவில்லை.

செவ்வாய் விடிந்தது. அவள் செவலையைக் கறந்து, சங்கத்தில் ஊற்றிவிட்டு வந்து, நல்ல சேலை கட்டித் தயாராக நின்றாள். ஆறு மணி பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பையை எடுக்கப் போன சென்னிமலை வெறுங்கையோடு திரும்பி வந்தார். நஞ்சப்பன் குடும்பத்தோடு நேற்றுச் சாயந்திரமே பாலக்காட்டுக்குக் கிளம்பிவிட்டான். வெள்ளி விழா பார்க்கத்தான். வீடு பூட்டிக் கிடந்தது.

"பாஸு?" என்றாள் பொன்னாத்தாள்.

"பைக்குள்ள இருக்குது."

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "செரி, பாஸு இல்லாட்டியும் போய்ப் பாக்கலாம், வாங்க" என்றாள்.

"நீ என்ன பேசறே? பரஸ்தானம் வெச்ச பையை உட்டுப்போட்டு ஆளு மட்டும் போறதா? வெக்காம இருந்தாக்கூடப் பரவாயில்லே. வெச்சுட்டு உட்டுப்போட்டுப் போனா எடுத்த காரியம் ஒண்ணும் வெளங்காது."

"அப்ப பை போயிருச்சு, நாம போக முடியாது?"

"சாஸ்திரம் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அவர் கட்டிலில் உட்கார்ந்தார். முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. போகாமலிருக்க இவ்வளவு உறுதியான காரணம் அவருக்கு இதுவரை கிடைத்ததில்லை.

பொன்னாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஆளுக்குப் பயந்தோமா, பஞ்சாங்கத்துக்குப் பயந்தோமா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே போய், காப்பிக்கு எடுத்து வைத்திருந்த பாலில் ஒரு டம்ளர் ஊற்றி, அவர் கண் எதிரிலேயே நின்று மடமடவென்று குடித்தாள். "வரேனுங்க" என்று சொல்லிவிட்டு வடக்கே பார்த்து நடந்தாள்.

இரண்டு மணி நேரத்தில் பஸ் பாலக்காடு போய்ச் சேர்ந்தது. அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இவ்வளவுதானா? இதற்கா இருபத்திரண்டு வருஷம்?

மைதானத்து வாசலில் சட்டையில் பேட்ஜ் குத்திய வாலண்டியர் ஒருவன் கையை நீட்டி மறித்தான். "பாஸ் இல்லாதெ அகத்து விடில்லா." பாஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டானாம்.

"பாஸு பரஸ்தானத்துல இருக்குதுங்க" என்றாள் பொன்னாத்தாள்.

அவன் அது ஏதோ ஊர் என்று நினைத்துவிட்டான். "பரஸ்தானமோ? அதேதா ஸ்தலம்? பாலக்காடு ஜில்லயிலாணோ?"

அவள் என்ன சொல்லுவாள்? ஒரு பைக்குள், பூட்டிய வீட்டுக்குள், ஒரு புத்திசாலி கொண்டுபோய் வைத்த இடம் என்று எந்தப் பாஷையில் சொல்வது? கொடியேற்றி முடித்து ஒலிபெருக்கியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பேர்களைப் படிக்க ஆரம்பித்துவிட்டால் எல்லாம் போயிற்று. அப்போது பட்டியலும் கையுமாகச் சிவராமகிருஷ்ணன் வாசலுக்கு ஓடி வந்தார்.

"பொன்னாத்தாளா! உங்களைத்தான் தேடிண்டிருக்கேன். செவலை சௌக்கியமா? ஆத்துக்காரர் எங்கே?"

"ஊட்டுல இருக்கறாருங்க. பை வந்தாத்தான் வருவாருங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "சாரமில்லை, அதனாலென்ன, வாங்கோ, வாங்கோ" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

ஏழாவதாக அவள் பேரைக் கூப்பிட்டார்கள். சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்துப் படி ஏறினாள். யாரோ பெரிய மனிதர் தூக்குப்போசியைக் கொடுத்தார். அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கீழே இறங்கியதும் போசியைச் சிவராமகிருஷ்ணனிடம் நீட்டி, வெட்டியிருந்த மலையாள எழுத்தை வாசிக்கச் சொன்னாள்.

"பொன்னாத்தாள், மீனாட்சிபுரம்."

"வேற பேரு ஒண்ணும் இல்லீங்களா?"

"வேறே எதுக்கு?"

அவளுக்கு அழுகை வந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே முந்தானையால் போசியையும் துடைத்தாள்.

சாயந்திரம் மாடு கறக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். சென்னிமலை கட்டிலில் இருந்தார். பக்கத்தில் பை இருந்தது.

"நஞ்சப்பன் மத்தியானமே வந்துட்டான். பையை எடுத்து, அவன் ஊட்டு வாசல்ல இருந்து வடக்கே நாலடி நடந்துட்டுத்தான் வந்தேன். முறைப்படி பாத்தா நானும் போயிட்டு வந்த மாதிரித்தான்" என்றார். பிறகு போசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மலையாளம் அவருக்குப் படிக்க வராது. "இதுல என்ற பேரு எங்க இருக்குது?"

"இல்லீங்க."

"இல்லியா? அதெப்படி? ஊட்டு ஆம்பளை பேரு இல்லாம ஒரு போசியா? மேலாப்புல வெட்டிப்போடலாம்."

"வெட்டலாமுங்க" என்றாள் பொன்னாத்தாள். "அதுக்கு மட்டும் நல்ல நாளாப் பாத்துச் சொல்லிப்போடுங்க."

சென்னிமலை எழுந்து ஆணியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். அவள் போசியை வாங்கிக்கொண்டு செவலையிடம் போனாள். அது நடந்து ஆறு வருஷமாகிறது. அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.