முதலில் உள்ளே போனவன் கியெம்

ஹைபோங் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், மருந்து நிலையத்துக்கு நேர் எதிரே என் டீக்கடை இருக்கிறது. கடை என்றால் நாலு பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு பெரிய கூஜா, கொறிக்கச் சூரியகாந்தி விதை. வருகிறவர்களில் பாதிப் பேர் ஹெராயினை விட்டுவிட்டு மெத்தடோன் மருந்து குடிக்க வருகிறவர்கள். "அந்தக் கூட்டத்துக்கு எதிர்ல உக்காந்திருக்கியே, பயமா இல்லையா?" என்று என் நாத்தனார் கேட்பாள். அவள் புருஷன் குடித்துவிட்டு வந்து வீட்டுக் கண்ணாடியை உடைப்பவன். யார் யாருக்குப் பயப்பட வேண்டும் என்று அவளே சொல்லட்டும்.

கியெம் அந்தக் கூட்டத்தில் ஒருவன். மீன் சந்தையில் பனிக்கட்டி சுமக்கிறான். காலையில் ரப்பர் பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து உட்காருவான்.

"அக்கா, டீ ஏன் வெந்நீர் மாதிரி இருக்கு?"

"நேத்து நீ குடிச்ச மிச்சத்துல தண்ணி ஊத்தினேன், அதான்."

சிரிப்பான். முன்பல் இரண்டு கிடையாது, இருந்தாலும் நல்ல சிரிப்பு.

முன்பு அவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டது. கூட வேலை செய்தவன் ஒரு இழுப்பு ஹெராயின் கொடுத்தான். வலி போன இடம் தெரியவில்லை, அன்றைக்கு இரண்டு ஆள் சுமையை ஒருவனே தூக்கினான். சுகத்துக்கு ஆசைப்பட்டுக் கெட்டான் என்று தெருவே பேசியது. அவன் வேலைக்குப் போகத்தான் கெட்டான். பிறகு இழுப்பு ஊசியாயிற்று, ஊசி போடாமல் படுக்கையிலிருந்து எழுந்திருக்கவே முடியாது என்றாயிற்று. பைக் போயிற்று, மனைவி லுவாவின் தையல் மிஷினும் போயிற்று. இரண்டு தடவை போதை மறுவாழ்வு முகாமில் பூட்டி வைத்தார்கள். கொழுகொழுவென்று திரும்பி வருவான், கொஞ்ச நாளில் ஹெராயின் விற்கிற பழைய சந்தில் நிற்பான். மனஉறுதி இல்லாதவன் என்றார்கள். அந்த உடம்போடு அவன் பட்ட பாட்டில் கால்வாசி பட்டிருந்தால் அவர்களுடைய உறுதி தெரிந்திருக்கும்.

எதிர் மருந்து நிலையத்தை நடத்துகிற தியெப் டாக்டரம்மாவிடம் வந்த பிறகுதான் அவனுக்கு விடிந்தது. தினமும் நர்ஸ் கண் முன்னால் ஒரு சின்னக் கோப்பை மருந்து. மயக்கமும் இல்லை, நடுக்கமும் இல்லை. குடித்துவிட்டு நேரே வேலைக்குப் போகலாம். வீட்டுக்குப் புதுத் தையல் மிஷின் வந்தது.

எங்கள் ஊரில் தெத் புத்தாண்டு பிறப்பதற்குள் பழையதை எல்லாம் முடித்துவிட வேண்டும். வீட்டைக் கழுவ வேண்டும், சண்டை போட்டவனோடு பேசிவிட வேண்டும், விரிசல் விட்ட கிண்ணத்தைத் தூக்கி எறிய வேண்டும். லுவா அந்தக் கிண்ணத்தோடு மருந்தையும் சேர்த்துவிட்டாள்.

"இன்னும் எத்தன வருஷம் கோப்பைய ஏந்திக்கிட்டு நிப்பேங்கறா" என்று கியெம் என்னிடம் சொன்னான். "பழைய பீடைய புது வருஷத்துக்குள்ள கொண்டாராதேங்கறா. நியாயந்தானே அக்கா? நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"டாக்டரம்மாவக் கேட்டியா?"

"கேட்டா வேணாம்பாங்க."

வேண்டாம் என்பார்கள் என்று தெரிந்து கேட்காமல் இருப்பது இந்த ஆண்களுக்குக் கைவந்த கலை. நான் கத்திப் பார்த்தேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. நர்ஸ் போன் செய்தால் எடுக்கவில்லை.

தெத்துக்கு முந்தின நாள் லுவா வந்தாள். கையில் வீட்டுக்கு வாங்கிய பீச் மரக்கிளை, பூவெல்லாம் நசுங்கியிருந்தது.

"மறுபடியும் ஊசி போட்டுட்டான் அக்கா. குளியலறைல நீலம் பாரிச்சுக் கெடந்தான். உலுக்கி உலுக்கி எழுப்புனேன். எல்லாம் பாழாப் போச்சு."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைத் தாண்டினேன். தியெப் டாக்டரம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "இப்ப மூச்சு ஒழுங்கா விடறாரா? கூட யாரு இருக்கா?"

"என் தங்கச்சி இருக்கா. கூப்பிட்டா வரமாட்டேங்கறான். உங்க மூஞ்சில முழிக்க வெக்கமாம்."

டாக்டரம்மா தங்கச்சிக்குப் போன் போட்டு, அவன் காதில் வைக்கச் சொன்னார். "கியெம், திட்டறதுக்குக் கூப்பிடல. ஒரு தடவ விழுந்ததால இத்தன நாள் நடந்து வந்தது இல்லேன்னு ஆயிடாது. ஆனா உங்க உடம்பு இப்ப பழைய அளவத் தாங்காது. இன்னொரு ஊசி போட்டா உயிரு போயிடும். கொறஞ்ச அளவுல மருந்த மறுபடி ஆரம்பிக்கலாம். இப்ப வாங்க. இப்ப முடியலேன்னா நாளைக்கு வாங்க, தெத்துக்கும் தெறந்திருப்போம்."

டாக்டரம்மா போனை வைத்தார்.

லுவா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மருந்தையும் ஒருநாள் விட்டுத்தானே ஆகணும்?" என்றாள்.

"விடலாம். அவரு உடம்பு தயாரானதும், கொஞ்சங் கொஞ்சமா, நான் பாத்துப் பாத்துக் கொறைப்பேன். இல்ல, விடாமலே இருந்தாலும் தப்பில்ல. உங்கம்மா பிரஷர் மாத்திர சாப்பிடறாங்கல்ல? தெத் வருதேன்னு அதையும் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"அது வேற, டாக்டரம்மா."

"எப்படி வேற?"

லுவா பீச் கிளையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். அன்று ராத்திரி அவளும் தங்கச்சியும் மாறி மாறி அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் விடிந்ததும் கியெமைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஆள் வெலவெலத்து, மூக்கு ஒழுக நின்றான். ஆனால் கேட்டுக்குள் போகவில்லை. அவன் மட்டுமல்ல, மருந்துக்கு வந்த யாருமே போகவில்லை. தெத் முதல்நாள் ஒரு வாசலில் முதலில் கால் வைக்கிறவன் எப்படிப்பட்டவனோ, அந்த வீட்டுக்கு வருஷமும் அப்படித்தான். அதனால் பிள்ளை குட்டியோடு நன்றாக வாழ்கிற மனிதனாகப் பார்த்து முன்கூட்டியே அழைத்து வைப்பார்கள். மருந்து நிலையத்துக்கு ஒரு நகைக்கடைக்காரர் வந்து தொந்தியைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவது வழக்கம். அன்றைக்கு அவரைக் காணோம்.

"உள்ள போ, கியெம்" என்றாள் லுவா. "நிக்கவே முடியல உன்னால."

"அந்தாள் வரட்டும்."

"வராட்டி?"

"டாக்டரம்மாவுக்குக் கொழந்தைங்க இருக்குடி. எங்காலு மொதல்ல படணுமா?" அவன் கேட்டை விட்டு இன்னும் ஒரு எட்டு பின்னால் போனான். "என்னால முடியல. நான் வீட்டுக்குப் போறேன்."

வீட்டுக்கு என்றால் எந்தச் சந்துக்கு என்று எங்களுக்குத் தெரியும். லுவா அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். கூஜாவைப் போட்டுவிட்டு ஓடி, கேட்டுக் கம்பியைத் தட்டினேன். டாக்டரம்மா பின்கட்டுக் குடியிருப்பிலிருந்து, புத்தாண்டுக்கு உடுத்திய சிவப்பு அங்கியோடு வந்து நின்றார்.

"ஏன் எல்லாரும் வெளிய நிக்கறீங்க?"

கியெம்தான் தலையைக் குனிந்தபடி சொன்னான். "நான் மொதல்ல நுழைஞ்சா, வருஷம் பூரா என்ன மாதிரி ஆளுங்கதான் இங்க வருவாங்க, டாக்டரம்மா."

டாக்டரம்மா கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார்.

"அவங்க வரணும்னுதானே இந்தக் கதவையே வச்சிருக்கோம்? விட்டுட்டுப் போன ஆளு திரும்பி வந்து நிக்கறீங்க. இதவிட நல்ல காலு எனக்கு எங்க கெடைக்கும்? வாங்க."

கியெம் லுவாவைப் பார்த்தான். அவள் சட்டையை விட்டாள். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலைத் தூக்கி உள்ளே வைத்தான்.